ஊசி போட்ட மாட்டின் பாலும் ஒளியால் அறியும் சோதனையும்

வீக்கம் வற்றினாலும்

மடிவீக்கம் கண்ட பசுவுக்குக் கால்நடை வைத்தியர் அன்டிபயோட்டிக் ஊசி போட்டால் சில நாட்களில் மாடு தேறிவிடும். தேறிவிட்டதே என்று உடனே பாலை வீட்டுக்கும் கடைக்கும் கொடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் மருந்து அதற்குப் பிறகும் பாலில் இறங்கிக்கொண்டிருக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து முழுதாக அழியாது.

பெனிசிலின் ஒவ்வாமை உள்ள சிலருக்குச் சிறு அளவே தடிப்பையும் அரிப்பையும் கிளப்பும். அதைவிடப் பெரிய சிக்கல், கொஞ்சம் கொஞ்சமாக மருந்தோடு பழகும் கிருமிகள் பிறகு அதற்கு அடங்காமல் போவது. இப்படி அடங்காத கிருமிகளால் 2019இல் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தனர் என்பது கணக்கு. பழி முழுவதும் பாலுக்கு உரியதல்ல. நாமே தேவையில்லாமல் விழுங்கும் மாத்திரைகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

பன்னாட்டு உணவு நியமமான கோடெக்ஸ், ஒரு லீட்டர் பாலில் டெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் 100 மைக்ரோகிராமுக்கும் பெனிசிலின் 4 மைக்ரோகிராமுக்கும் மேல் இருக்கக்கூடாது என்கிறது. இவ்வளவு நுண்ணிய அளவை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது. உறைமோர் விட்டும் பால் தயிராகாவிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் உறைமோர் பழுதானாலும் அப்படித்தான் ஆகும்.

சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும் உலோகம்

இந்த நுண்ணிய அளவை ஒளியால் அறிய ஒரு வழி உண்டு. டெட்ராசைக்கிளினுக்கு உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. பல்லிலுள்ள கல்சியத்தைப் பற்றி அதை மஞ்சளாக்குவதால்தான் சிறு பிள்ளைகளுக்கு இந்த மருந்தைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். யூரோப்பியம் என்ற அருமண் உலோகத்தையும் அது பற்றும். தனியே நிற்கும் யூரோப்பியம் மங்கலானது. டெட்ராசைக்கிளின் சேர்ந்ததும், புறஊதா ஒளியை மருந்து வாங்கி யூரோப்பியத்துக்குக் கைமாற்ற, அது சிவப்பாக ஒளிரும். மருந்து கூடினால் சிவப்பும் கூடும். கார்பன் புள்ளிகள் எனும் ஒளிரும் நுண்துகள்களை வைத்துச் செய்யும் சில உணரிகளில் (மருந்தைக் காட்டும் சோதனைக் கருவிகளில்) இதற்கு நேர்மாறு: மருந்து கூடக் கூட ஒளி மங்கும்.

பாலும் ஒளிருமே!

இங்கேதான் வில்லங்கம். பாலிலுள்ள ரைபோபிளேவின், அதாவது விற்றமின் பி2, புறஊதா விளக்கின் கீழ் மஞ்சள்பச்சையாக ஒளிரும். கொழுப்பும் புரதமும் ஒளியைச் சிதறடிக்கும். பாலின் கல்சியமோ டெட்ராசைக்கிளினைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே தண்ணீரில் வெற்றி பெற்ற உணரி என்று செய்தி வந்தால், பாலில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். யூரோப்பியத்துக்கு ஒரு வசதி: ரைபோபிளேவினின் ஒளி அணைந்த பிறகும் அதன் சிவப்பு சற்று நீடிக்கும். அந்தக் கணநேர இடைவெளியில் அளந்தால் குழப்பம் குறையும்.

யாழ்ப்பாணத் தீவகத்துக்கு இந்தச் சோதனை ஏன்?

நெடுந்தீவிலிருந்து ஒரு போத்தல் பாலை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதென்றால் படகில் குறிகட்டுவான், பிறகு வீதியால் யாழ்ப்பாணம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. வெயிலில் பால் திரிந்தும் போகும். சோதனைத்தாளும் கைவிளக்குமாகப் பால் சேகரிக்கும் இடத்திலேயே பார்த்துவிடும் வசதி, நகரத்தைவிட இங்கேதான் முதலில் வரவேண்டும்.

மீனைப் பற்றியும் கேட்பார்கள். ஊர்காவற்றுறை, நயினாதீவுக் கடலில் வலைவீசிப் பிடிக்கும் மீனுக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை. 2001, 2002இல் ஐரோப்பாவில் குளோரம்பெனிகோல் என்ற அன்டிபயோட்டிக் கண்டுபிடிக்கப்பட்டுச் சிக்கலானவை ஆசிய நாடுகளின் இறால்கள். கவனம் வேண்டியது பண்ணை வளர்ப்பில்.

மாடு வைத்திருப்போருக்கு

ஊசி போடும்போதே, எத்தனை நாள் பாலை விலக்கவேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கொம்பில் ஒரு துணி கட்டினால் கறப்பவர் மறக்கமாட்டார். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கோழிக்கோ ஆட்டுக்கோ கரைத்துக் கொடுக்காதீர்கள். வைத்தியர் சொன்ன நாட்கள் முடியும்வரை ஊசி போட்ட மாட்டின் பாலை மற்றப் பாலோடு கலக்கவே வேண்டாம்.