திருப்பயணிகளும் கைப்பேசிக் கட்டணமும்

எருசலேம், உரோமை, லூர்து, பாத்திமா என்று திருத்தலங்களை நாடிச் செல்வோர் இன்று நம் பங்குகளில் பெருகியுள்ளனர். எருசலேம் செல்லும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டில் அறிவித்த உதவித்தொகை, ஒருவருக்கு 20,000 ரூபாய் எனத் தொடங்கி, எளிய குடும்பத்தாருக்கும் அந்தப் பாதையைத் திறந்து வைத்தது. புறப்படுமுன் நடைபெறும் ஆயத்தக் கூட்டங்களில் கடவுச்சீட்டு, மருந்து, கம்பளி உடை, வசதியான காலணி ஆகியவற்றைப் பற்றியெல்லாம் விளக்குகிறார்கள். எல்லோர் கையிலும் இருக்கும் கைப்பேசியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் விளையும் துன்பத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. ஓய்வு பெற்ற ஆசிரியையான அந்தத் தாய், பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் புனித நாட்டுக்குச் சென்று வந்தார். கைப்பேசி இணைப்பு மகன் பெயரில் இருந்தது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பணம் செலுத்தும் போஸ்ட்பெய்டு வகை. ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் கட்டணச் சீட்டு வந்தது. தொகை ஏறத்தாழ 31,000 ரூபாய். “நான் யாரோடும் பேசவே இல்லையேப்பா” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மையே. பத்து நாளில் இரண்டே முறைதான் பேசியிருந்தார். பேத்தியின் புதுநன்மைக்கென ஒதுக்கி வைத்திருந்த பணம் இதற்குப் போயிற்று. பெத்லகேமைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே அந்தத் தொகைதான் முதலில் நினைவுக்கு வருகிறதாம். பணம் போனதைவிட இதுவே நம்மை வருத்தியது.

பேசாதவருக்கு எப்படி இத்தனை கட்டணம்? நம் நாட்டு நிறுவனத்துக்கு அயல்நாட்டில் கோபுரம் கிடையாது. ஆகவே அங்குள்ள ஒரு நிறுவனத்தின் கோபுரத்தை நம் கைப்பேசி பற்றிக் கொள்கிறது. இதைத்தான் ரோமிங் என்கிறார்கள். அந்த நிறுவனம் தான் செய்த சேவைக்குக் கணக்கெழுதி நம் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. நம் நிறுவனம் தன் பங்கையும் சேர்த்து நம்மிடம் வாங்குகிறது. அக்கணக்கு சில வேளைகளில் தாமதமாக வந்து சேர்வதால், நாம் வீடு திரும்பிய பின்னும் தொகை ஏறுவதுண்டு.

இனி, கைப்பேசி நாம் தொடும்போது மட்டும் வேலை செய்வதன்று. பைக்குள் கிடக்கும்போதும் அது ஓயாமல் இணையத்தோடு உறவாடுகிறது. எடுத்த படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றும், செயலிகளைப் புதுப்பிக்கும், அன்பியக் குழுவில் யாரோ அனுப்பிய காலை வணக்கக் காணொளியைத் தானே இறக்கி வைக்கும். ஒரு பேச்சுக்கு, ஒரு எம்.பி. டேட்டாவுக்கு 500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் மூன்று எம்.பி. அளவுக்கு வரும். அத்தகைய படங்கள் இருபது தாமாகவே மேலேறினால் 30,000 ரூபாய்! கல்வாரிக் கோவிலில் இருபது படம் எடுக்காத பயணி உண்டோ? உள்ளூரில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஜி.பி. எனத் தாராளமாய்ச் செலவழித்துப் பழகிய நமக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கான எம்.பி.க்கு விலை வைக்கும் கணக்கு எளிதில் மனத்தில் பதிவதில்லை.

முன்பணம் செலுத்தும் பிரீபெய்டு இணைப்பில் இந்த ஆபத்து குறைவு. இருப்பு தீர்ந்ததும் சேவை நின்றுவிடும். பெற்றோருக்கு வசதியாயிருக்கட்டும் என்று பிள்ளைகள் தங்கள் போஸ்ட்பெய்டு கணக்கிலேயே அவர்களைச் சேர்த்திருக்கும் வீடுகளில்தான் இடி விழுகிறது.

ரோமிங் பேக் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்பாரும் உளர். அதிலும் நுணுக்கம் உண்டு. புனித நாட்டுப் பயணங்கள் பலவும் யோர்தான், இஸ்ரயேல், எகிப்து என மூன்று நாடுகளைத் தொட்டுச் செல்வன. இஸ்ரயேலுக்கு வாங்கிய பேக் சீனாய் மலையடியில் செல்லுமா என்பதைக் கேட்டறிய வேண்டும். ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற இடமென வணங்கப்படும் ஆற்றங்கரையில் யோர்தான் நதி சில மீட்டர் அகலமே உடையது. இக்கரை ஒரு நாட்டின் ஆளுகையில். அக்கரை வேறொரு நாடு. நதிக்கு எல்லை உண்டு, கோபுரத்து அலைக்கு எல்லை ஏது? நம் கைப்பேசி அக்கரை நிறுவனத்தைப் பற்றிக் கொண்டால் நாம் அறிய மாட்டோம். அவ்வளவு தொலைவு போவானேன்? தனுஷ்கோடிக் கரையிலேயே சிலர் கைப்பேசியில் இலங்கை நிறுவனத்தின் பெயர் தோன்றுவதுண்டு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறுவோரும் தாம் கால் வைப்பது இலங்கை மண் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

செய்ய வேண்டியதோ மிகச் சிறிது. விமானம் ஏறுமுன், கைப்பேசியின் அமைப்புகளில் ‘டேட்டா ரோமிங்’ என்றிருப்பதை அணைத்துவிட வேண்டும். அணைத்தாலும் வங்கியிலிருந்து வரும் ஓடிபி போன்ற குறுஞ்செய்திகள் வந்து சேரும். அவற்றைப் பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆனால், பேக் இல்லாதபோது, வரும் அழைப்பை எடுத்துப் பேசினாலும் கட்டணம் உண்டு. வீட்டாரோடு பேச விடுதியின் வைஃபை போதும். சில கைப்பேசிகளில், வைஃபை மெலியும்போது மொபைல் டேட்டாவுக்குத் தானே தாவும் வசதி ஒன்றுண்டு. டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் அதனாலும் தீங்கில்லை. விமானத்திலும் ‘ஃபிளைட் மோடு’ கட்டாயம். சில விமானங்களில் உள்ளேயே ஒரு வலையமைப்பு இயங்குகிறது. தரைக்கென வாங்கிய பேக் அங்கே செல்லாமற் போகலாம்.

உரோமை, லூர்து, பாத்திமா செல்வோருக்கு மற்றொரு வழியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கொள்ளையைச் சட்டத்தால் அடக்கியது. 2007-இல் அழைப்புக் கட்டணத்துக்கு வரம்பு விதித்தது; 2010-இல், டேட்டாச் செலவு 50 யூரோவை எட்டினால் இணைப்பைத் தானாக நிறுத்தச் செய்தது; 2017 ஜூன் 15 முதல், உறுப்பு நாடுகளுக்கிடையே ரோமிங் கூடுதல் கட்டணத்தையே நீக்கியது. நம் இந்திய சிம்முக்கு இச்சலுகை இல்லை. ஆனால் உரோமையில் வாங்கும் இத்தாலிய சிம், டேட்டா அளவில் சில வரையறைகளுடன், லூர்திலும் பாத்திமாவிலும் அதே கட்டணத்தில் இயங்கும். சுவிட்சர்லாந்து அவ்வொன்றியத்தில் இல்லை. அவ்வழியே செல்லும் பேருந்தில் கவனம் தேவை. ஒரு கண்டத்துக்கு இயன்றது பிற நாடுகளுக்கும் இயலும் என்பதே நம் எண்ணம். தெரியாமல் தொட்டவரிடம் ஆயிரக்கணக்கில் வசூலிப்பது விதிப்படி சரியாகலாம், நியாயமாகாது.

வீட்டிலிருப்போருக்கும் ஒரு வார்த்தை. “அம்மா, கல்லறைக் கோவிலை இப்போதே வீடியோவில் காட்டுங்கள்” என்று வற்புறுத்துவது நாம்தானே? முழந்தாளிட வந்தவரை ஒளிப்பதிவாளராக்கி, கட்டணத்தையும் அவர் தலையில் ஏற்றுகிறோம். இரவு விடுதிக்கு வந்த பின் அவர் ஆற அமரச் சொல்லட்டும், அதுவரை பொறுக்கலாம்.

இதையும் மீறிப் பெருந்தொகை வந்துவிட்டால் உடனே பணம் கட்டிவிட்டு அழ வேண்டாம். நாள்வாரி விவரக் கணக்கைக் கேளுங்கள். நிறுவனத்தின் புகார் மையத்தில் முறையிட்டுப் பதிவு எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். அங்கே தீராவிடில், அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த ஏற்பாடு கட்டாயம். நாம் மேலே சொன்ன குடும்பத்தார் பணத்தை முழுதும் கட்டிய பிறகே இதை அறிந்தனர்.

அடுத்த திருப்பயணக் குழு புறப்படும் முன், ஆயத்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்குமாறு பங்குத் தந்தையரைக் கேட்டுக் கொள்கிறோம். இளையோர் இயக்கத்தினர் இருவர் வந்தால் போதும். பயணிகளின் கைப்பேசியை ஒவ்வொன்றாய் வாங்கி டேட்டா ரோமிங்கை அணைத்துக் கொடுத்துவிடுவார்கள்.