மூலநிரலைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா?

கணினியின் வன்பொருளைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்து, ஏனைய மென்பொருள்கள் அனைத்தும் செயற்படக் களம் அமைத்துத் தருவது இயங்குதளம் எனப்படும். நம் கடிதங்களும் கணக்குகளும் கடவுச்சொற்களும் அதன் வழியாகவே செல்கின்றன. ஆகவே அதனுள் என்ன நடக்கிறது என்பதை அறியும் உரிமை பயன்படுத்துவோருக்கு உண்டா என்ற வினா, அடிப்படையில் நம்பிக்கை பற்றிய வினாவாகும்.

உண்டு என்ற விடையுடன் 1983ஆம் ஆண்டு அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் பயன்படுத்துதல், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்துதல், படியெடுத்துப் பிறருக்கு வழங்குதல், திருத்திய வடிவத்தையும் வழங்குதல் ஆகிய நான்கு உரிமைகளே அதன் அடித்தளம். 1989இல் வெளிவந்த குனு பொது உரிமம், தான் பெற்ற இவ்வுரிமைகளைப் பிறருக்கு மறுக்கலாகாது என்று நிபந்தனை விதித்தது. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டு, அடுத்த ஆண்டில் அதனை இவ்வுரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். ஆங்கிலத்தில் ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் நேரும் மயக்கத்தைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்ற வழக்கு நீக்கிவிடுகிறது.

கருவை மட்டும் கொண்டு கணினியைப் பயன்படுத்த இயலாது. பல்லாயிரம் மென்பொருள்களை அதனோடு பொருத்தி, ஒரு முழுமையான தொகுப்பாக வழங்க வேண்டும். அப்பணியை 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் என்ற மாணவர் தொடங்கிய டெபியன் திட்டம் இன்றளவும் செய்து வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான அதன் 13ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். புதிய பொதி முதலில் 'நிலையற்ற' பிரிவில் இடப்படும். சில நாள்கள் கடந்தும் பெரும் வழு எதுவும் தென்படாவிடில் 'சோதனை'ப் பிரிவுக்கு நகரும். ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அப்பிரிவு உறையவைக்கப்பட்டு, செம்மை செய்யப்பட்டு, 'நிலையான' பதிப்பாக வெளிவரும். 1997இல் ஏற்கப்பட்ட டெபியன் சமூக ஒப்பந்தம், குறைகளை மறைப்பதில்லை என்பதையும் ஓர் உறுதிமொழியாகக் கொண்டுள்ளது.

அவ்வுறுதிமொழி 2008இல் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. மறையாக்கச் சாவிகளை உருவாக்கும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்ற மென்பொருளில், நிரல்சோதனைக் கருவியொன்று எழுப்பிய எச்சரிக்கையை நீக்கும் பொருட்டு, 2006இல் டெபியன் பொறுப்பாளர் சில வரிகளைச் செயலிழக்கச் செய்திருந்தார். அதன் விளைவாகச் சாவிகளின் தற்செயல் தன்மை குன்றியது. ஒரே வகைக் கணினியில் ஒரே நீளமுள்ள சாவிக்கு ஏறத்தாழ 32,768 வாய்ப்புகளே எஞ்சின. அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது கணினிக்கு எளிது. ஏறத்தாழ இருபது மாதங்கள் அவ்வரிகள் எவரும் படிக்கத்தக்க நிலையில் திறந்தே கிடந்தன. பிழை தெரிந்ததும், 2008 மே 13 அன்று டெபியன் அதனை வெளிப்படையாக அறிவித்துச் சாவிகளைப் புதிதாக உருவாக்குமாறு பயனர்களைக் கேட்டுக்கொண்டது.

அது அறியாது நேர்ந்த பிழை. 2024இல் வெளிப்பட்டதோ திட்டமிட்ட சதி. கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் ஒருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேலாகப் பயனுள்ள திருத்தங்களை அளித்து அவரது நம்பிக்கையைப் பெற்றார். பணி தாமதமாகிறது, பொறுப்பைப் பகிர்ந்தளியுங்கள் என்று வேறு சில பெயர்களிலிருந்தும் நெருக்குதல் வந்தது. பொறுப்பில் பங்கு கிடைத்ததும் அப்புதியவர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையத்தக்க கள்ளவழியொன்றைப் புகுத்தினார். சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் தீய நிரல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதனை உயிர்ப்பிக்கும் வரிகளோ மூலநிரல் களஞ்சியத்தில் இடம்பெறாமல், வெளியீட்டுக்காகக் கட்டப்பட்ட தொகுப்பில் மட்டுமே இருந்தன.

டெபியனின் நிலையற்ற பிரிவைப் பயன்படுத்திய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர், தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கண்டார். காரணத்தைத் தேடிச் சென்று கள்ளவழியைக் கண்டறிந்து, 2024 மார்ச் 29 அன்று உலகிற்கு அறிவித்தார். அதற்குள் அது டெபியனின் நிலையற்ற, சோதனைப் பிரிவுகளை எட்டியிருந்தது. நிலையான பதிப்பை எட்டவில்லை.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மூலநிரல் திறந்திருப்பது ஒன்று. அது படிக்கப்படுவது மற்றொன்று. திறந்த நிரல் ஆய்வுக்கு வாய்ப்பளிக்கிறது. ஆய்வை மனிதரே செய்ய வேண்டும். மூலநிரல் மூடப்பட்டிருந்தால் அந்த அரை நொடியின் காரணத்தை வெளியார் ஒருவர் இத்துணை விரைவில் வேர்வரை தேடியிருப்பது அரிது. ஆயினும் அன்று அவர் அத்தாமதத்தைப் பொருட்படுத்தாது விட்டிருப்பின், திறந்த நிரல் தானாக நம்மை எச்சரித்திராது.

இது தொலைதூரத்துச் செய்தி என நாம் கருதலாகாது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007இல் வெளிவந்த 'பாஸ்' இயங்குதளம் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. டெபியனின் நிறுவுநிரலைத் தமிழிலேயே பயன்படுத்தவும் இயலும். விலையின்றிக் கிடைப்பதாலேயே இவற்றின் பின்னுள்ள உழைப்பை நாம் மறந்துவிடுகிறோம். வழுவைத் தெளிவாக எழுதி அறிவித்தல், மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தல், விளக்கக் குறிப்புகள் எழுதுதல் ஆகியவற்றுக்கு நிரலாளராக இருக்கவேண்டிய தேவையில்லை. தனித்துச் சுமக்கும் பொறுப்பாளர் ஒருவரின் சுமையைச் சிறிதேனும் குறைத்தல், அவர் பேணும் மென்பொருளின் பாதுகாப்புக்கு நாம் ஆற்றும் பங்களிப்பாகும்.