மழைக்காட்டுப் பறவைக்கு எந்த லென்ஸ்?

பறவைப் படம் எடுக்கப் புறப்படுவோர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ்?" என்பதைத்தான். வேடந்தாங்கல் போன்ற ஏரிக்கரைக்கு அது சரியான கேள்வி. அங்கே பறவை தொலைவில் இருக்கும், வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது. ஆனைமலையின் மழைக்காட்டில் கணக்கு தலைகீழாகிறது. இலையும் கொடியும் பார்வையை மறிப்பதால், காட்டுக்குள் கண்ணில் படும் பறவை பெரும்பாலும் அருகில்தான் இருக்கும். அடர்காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சமோ, மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். ஆகவே இங்கே லென்ஸின் நீளத்தைவிட, அதன் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதே முதல் கேள்வியாக வேண்டும்.

வெட்டவெளியில் நல்ல வெயிலில் எஃப்/5.6 துளையும் ஐ.எஸ்.ஓ. 100-உம் வைத்தால் 1/800 விநாடி ஷட்டர் வேகம் கிடைக்கும். வெளிச்சம் 64-இல் ஒரு பங்காகக் குறைந்தால் அது 1/12 விநாடிக்கு இறங்கிவிடும். பறவை தலையைத் திருப்பினாலே படம் கலங்கிவிடும். 1/400 விநாடி வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு உயர்த்த வேண்டும். எஃப்/2.8 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், அதே வேகத்துக்கு 800 போதும். அதுவும் நண்பகல் கணக்கு. காலையிலும் மேகமூட்டத்திலும் நிலைமை இன்னும் கடினம்.

துளைக்காக நீளத்தை விட்டுக்கொடுத்து 300 மி.மீ. லென்ஸோடு நின்றால் பறவை சிறிதாகிவிடாதா என்று கேட்கலாம். ஏ.பி.எஸ்.-சி சென்சார் கேமராவில், பத்து மீட்டர் தொலைவில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் 31 செ.மீ. நீளத் தீக்காக்கை, படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். இக்காலக் கேமராக்கள் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வையும் தாங்குமே என்பது அடுத்த வாதம். தாங்கும், ஆனால் ஒளி குறையும்போது படத்தில் புள்ளி இரைச்சல் ஏறுவது இயற்பியல் விதி. அதை மென்பொருளால் துடைத்தால் இறகின் நுண்வரிகளும் சேர்ந்தே அழியும். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தை அடக்கும், பறவையின் அசைவை அடக்காது. ஃபிளாஷ் இருளில் வாழும் பறவைகளைத் தொந்தரவு செய்யும். உச்சிக்கிளையில் அத்திப்பழம் தின்னும் இருவாச்சிக்கு மட்டும் 600 மி.மீ. உதவும், அங்கே வெளிச்சமும் உண்டு.

எஃப்/2.8 லென்ஸின் விலை பல லட்சம், எடையும் அதிகம் என்பது உண்மையான தடை. அதற்கு விடை 300 மி.மீ. எஃப்/4. எஃப்/5.6-ஐவிட இரு மடங்கு ஒளி தரும்; நிக்கானின் 2015-ஆம் ஆண்டு மாதிரி 755 கிராம்தான். மழைக்காட்டுக்குப் போகிறவர்கள் கையிலுள்ள பணத்தை முதலில் துளை அகலத்துக்கும், அடுத்து ஈரம் புகாத உறைக்கும் செலவிடுங்கள். நீளம் அதற்குப் பிறகுதான்.