எந்த மாத்திரைக்குப் பயப்பட வேண்டும்?

"மனநல டாக்டர் கொடுக்கிற மாத்திரை பழகிவிடுமே?" பதற்ற நோய்க்குச் சிகிச்சை என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். அதே வீட்டு அலமாரியில், தூக்கம் வராத இரவுகளுக்கென்று ஓர் அல்பிரசோலம் அட்டை இருக்கக்கூடும். எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்தது. தீரத் தீர வாங்கி வைப்பது. பழகிவிடும் மாத்திரை உண்மையில் அதுதான்.

பதற்ற நோய் பெரும்பாலும் உடம்புக் கோளாறாகத்தான் தலைகாட்டும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வயிறு கலங்கும். சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போகும் பீதித் தாக்குதலில் உயிரே போய்விடும் போலிருக்கும். மாரடைப்போ என்று பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடுவார்கள். ஈ.சி.ஜி. நார்மல் என்று வரும். அந்தப் பரிசோதனை வீணல்ல. இதயக் கோளாறு, தைராய்டு மிகையாகச் சுரப்பது, ரத்தசோகை ஆகியவையும் இதே படபடப்பைத் தரும் என்பதால் அவை இல்லையென்று உறுதி செய்தாக வேண்டும். ஆனால் "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புவதோடு பலருக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை.

பதற்ற மருந்துகளில் இரண்டு வகைகளைப் பிரித்தறிவது முக்கியம்.

முதல் வகை பென்சோடயசிபைன்கள். ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த லிப்ரியம் 1960இலும், வேலியம் 1963இலும் சந்தைக்கு வந்தன. அல்பிரசோலம், குளோனாசிபம் எல்லாம் அதே குடும்பம். மூளையின் வேகத்தைத் தணிக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை இவை கூட்டுவதால், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பதற்றம் அடங்கும். ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. தொடர்ந்து போட்டால் உடம்பு அதையே எதிர்பார்க்கும். நாளடைவில் அளவு கூடும். நெடுநாள் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் அபாயம் உண்டு. இந்தியாவில் அல்பிரசோலம் உட்பட இவற்றில் பல 2014 முதல் 'எச்1' பட்டியலில் இருக்கின்றன. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றை மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை. செரோடோனின் சார்ந்து வேலை செய்யும் இவைதான் இன்று பதற்ற நோய்க்கு முதலில் தரப்படுபவை. இவற்றுக்குப் போதை கிடையாது. மேலும் மேலும் வேண்டும் என்ற ஏக்கமும் வராது. சிக்கல் வேறு இடத்தில். குமட்டல், தலைவலி, சிலருக்குக் கூடுதல் படபடப்பு ஆகிய பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் கைவிடுகிறார்கள். பாலுறவு ஆர்வம் குறைவதும் உண்டு. கூச்சப்பட்டு அதைச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் தோன்றுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

தொடக்க வாரங்களைத் தாண்ட, மருத்துவர் சில சமயம் குளோனாசிபத்தையும் கொஞ்ச நாளுக்குச் சேர்த்து எழுதுவார். விபரீதம் இங்கே நடக்கலாம். உடனே சுகம் தரும் மாத்திரையை வைத்துக்கொண்டு, மெதுவாகக் குணமாக்கும் மாத்திரையை நிறுத்திவிடுவது! குணம் தெரிந்த பிறகும் இரண்டாம் வகையை ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை தொடரச் சொல்வது வழக்கம். திடீரென விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும் என்பதால், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எல்லோருக்கும் மாத்திரை தேவை என்பதில்லை. பயத்தைத் தூண்டும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும், தவிர்த்துவந்த பேருந்துப் பயணத்தையோ கூட்டத்தையோ சிறிது சிறிதாக எதிர்கொள்ளவும் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பலருக்கு மருந்துக்கு நிகரான பலன் தருகிறது. இரண்டையும் சேர்த்தும் எடுக்கலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கான சிகிச்சை கிடைக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. கர்ப்பம், ஆஸ்துமா, குடிப்பழக்கம் எதையும் மறைக்காமல் சொன்னால்தான் பொருத்தமான மருந்தை அவரால் தேர்ந்தெடுக்க முடியும்.