இறாலின் வயிறும் மீனின் முதுகும்

இறால் உரிக்கும்போது முதுகைக் கீறி ஒரு கறுப்பு நூலை இழுத்தெடுப்போம். பலர் அதை நரம்பு என்பார்கள். உண்மையில் அது இறாலின் குடல். அதன் நரம்பு நாண் வயிற்றுப் பக்கத்தில் மெல்லிய வெள்ளை நூலாக ஓடுகிறது. சூரை மீனில் இது தலைகீழ். குடல் வயிற்றுப் பக்கம் இருக்க, முண்ணாண் முள்ளந்தண்டின் துவாரத்துக்குள் முதுகுப் பக்கமாகச் செல்கிறது. ஒரே கடலில் வாழும் இரண்டு உயிர்களுக்கு ஏன் இந்த வேறுபாடு?

விடை தேட, நரம்பின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். கடற்பஞ்சில் நரம்புக் கலம் ஒன்றுகூட இல்லை. நிலாவெளிக் கரையில் ஒதுங்கும் சொறிக்கும், புறாமலையைச் சுற்றி முருகைக்கற்களைக் கட்டிய சிற்றுயிர்களுக்கும் நரம்புக் கலங்கள் உண்டு, மூளை இல்லை. அக்கலங்கள் மீன்வலை போல உடலெங்கும் பரந்துள்ளன. சொறியின் கொட்டும் கலங்கள் எந்த மூளையின் கட்டளைக்கும் காத்திருப்பதில்லை, தொட்டாலே வெடிக்கும். செத்துக் கிடக்கும் சொறியையும் தொடாதே என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே, ஒரு திசை நோக்கி நகரும் விலங்குகள் தோன்றின. இரையையும் ஆபத்தையும் முதலில் சந்திப்பது முன்முனை அல்லவா? ஆகவே புலனுறுப்புகளும் நரம்புக் கலங்களும் அங்கே திரண்டு தலையாயின. அங்கிருந்து நாண்கள் பின்னோக்கி ஓடின. பிளனேரியா என்ற தட்டைப்புழுவில் இதன் எளிய வடிவத்தைக் காணலாம்.

1822 இல் பிரான்சிய அறிஞர் ஜெஃப்ருவா சென் இலேர், சிங்க இறாலைப் புரட்டி வைத்தால் அதன் உள்ளுறுப்புகளின் ஒழுங்கு முள்ளந்தண்டு விலங்குகளுடையதை ஒத்திருக்கிறது என்றார். அன்று பலர் ஏற்கவில்லை. 1990களில் தவளையிலும் பழ ஈயிலும் ஒத்த பரம்பரையலகு ஒன்று கண்டறியப்பட்டது. அது தவளை முளையத்தில் முதுகுப் பக்கத்திலும், ஈயின் முளையத்தில் வயிற்றுப் பக்கத்திலும் இயங்கி, அங்கே நரம்பு உருவாக வழிவிடுகிறது. அப்படியானால் இரண்டுக்கும் மூதாதை ஒன்றே. ஒரு வழித்தோன்றல் மட்டும் கூர்ப்பில் புரண்டுவிட்டதோ?

ஆனால் 2018 இல் வெளியான ஆய்வொன்று பல வகைப் புழுக்களை ஒப்பிட்டு, நரம்பு நாண்கள் தனித்தனியே பலமுறை தோன்றியிருக்கலாம் என்றது. பெரிய மூளையாவது ஒருமுறைக்கு மேல் தோன்றியது உறுதி. பேய்க்கணவாயின் மூளை நம்முடையதோடு தொடர்பின்றி வளர்ந்தது. அதன் நரம்புக் கலங்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன.

ஆக, மைய நரம்புத்தொகுதி ஒருமுறை தோன்றியதா, பலமுறையா என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. உயிரியல் பிரிவில் படிப்பவள் வைத்தியராக வேண்டும், இல்லாவிட்டால் படித்தது வீண் என்றே எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறோம். இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடுவதும் உயிரியல்தான். பெற்றோரே, ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் மகளுக்கும் ஒரு வழி விடுங்கள். தோழிகளே, அதற்கான உயிர்களெல்லாம் நம் கடலிலேயே இருக்கின்றன.