டாக்டர் சீட்டும் சிஸ்டர் வேலையும்

1970 வாக்கில் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டவர்களுக்கு நேர்காணல் உண்டு. அதற்கு மட்டும் 75 மதிப்பெண். பி.யூ.சி.யில் ராப்பகலாகப் படித்து வாங்கிய மார்க்கை அந்த 75 புரட்டிப் போட்டுவிடும். உச்ச நீதிமன்றம் வரை போன பெரியகருப்பன் வழக்கில், ஒருவருக்குச் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு மேல் ஒதுக்கப்படவில்லை என்பது வெளியே வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி மகன் அந்த மூன்று நிமிடத்தில் என்ன பேசியிருப்பான்? டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அது தாராளம். அந்தக் காலத்தில் எல்லாமே நேர்மையாக நடந்தது என்பவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அன்று தெற்கே இருந்த அரசு மருத்துவக் கல்லூரிகள் இரண்டுதான்: 1954-ல் தொடங்கிய மதுரை, 1965-ல் வந்த திருநெல்வேலி. இன்று தேனி, சிவகங்கை, தூத்துக்குடி என்று நீள்கிறது வரிசை. விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் கல்லூரிகள் 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மதுரைக்குப் பக்கத்தில் தோப்பூரில் 2019-ல் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸின் முதல் மாணவர்கள் 2022-ல் பாடம் படிக்கத் தொடங்கியது ராமநாதபுரத்தில். பெயர் மதுரைக்கு, வகுப்பு சேதுச் சீமைக்கு!

இடங்கள் பெருகின, முடிவெடுக்கும் காலமும் நீண்டுவிட்டது. அன்று டாக்டர் சீட் கிடைக்காதவன் அந்த ஜூலையிலேயே அமெரிக்கன் கல்லூரியிலோ தியாகராசர் கல்லூரியிலோ பி.எஸ்சி. சேர்ந்துவிடுவான். வருத்தம் ஒரு கோடை விடுமுறையோடு சரி. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது, 2007-ல் போனது. அதன்பின் பத்தாண்டு காலம் பிளஸ் டூ மார்க்கும் 200-க்கான கட்-ஆஃபும் மட்டுமே பேச்சு. 2017-லிருந்து நீட்: 180 கேள்வி, 720 மார்க். எட்டாம் வகுப்பிலேயே பவுண்டேஷன் கோர்ஸ் தொடங்கிவிடுகிறது. பிளஸ் டூ முடித்த பிறகும் ஹாஸ்டலில் தங்கி ஒரு வருடம், அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு வருடம். ‘ரிப்பீட்டர்’ என்று சங்கடமில்லாமல் சொல்லிக்கொள்கிறார்கள். வயலை அடமானம் வைத்த அப்பாவால்தான் அவ்வளவு இயல்பாகச் சொல்ல முடிவதில்லை. 2020-ல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது, முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து ஏறக்குறைய 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. நேர்காணல் காலத்தில் இப்படி ஒரு கதவு இல்லை.

டாக்டர் ஆகாமல் மருத்துவமனை வேலைக்கு வந்த பெண்களின் கதை வேறு. 1976-ல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சொந்த ஊரான வடமலாபுரத்தில் உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மருத்துவம் படிக்கப் போனவர் அவர். கீல்வாதம் விரல்களைக் கோணலாக்கியதால் மகப்பேறு மருத்துவத்தை விட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை தந்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கும் முறை அங்கே வளர்ந்தது. மார்க்கைவிடப் பெண்ணின் சுபாவத்தையும் குடும்பத்தையும் பார்த்தார்கள். பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள்.

அந்த அறுவை அரங்கைக் கவனித்தால் விஷயம் புரியும். இரண்டு மேசை, நடுவே ஒரு டாக்டர். ஒரு மேசையில் லென்ஸ் வைத்து முடிப்பதற்குள், அடுத்த மேசையில் இப்படிப் பயிற்சி பெற்ற சிஸ்டர்கள் கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். டாக்டர் நுண்ணோக்கியை இந்தப் பக்கம் திருப்பினால் போதும். ஆண்டுக்கு 2,000 அறுவை சிகிச்சைகளை ஒரு டாக்டரால் செய்ய முடிவது இதனால்தான். அந்தச் சிஸ்டர்களில் பலரின் அம்மாக்கள் களையெடுக்கவும் நாற்று நடவும் போனவர்கள்.

அரசு நர்ஸ் வேலைதான் கைநழுவியது. முன்பு அரசு நர்சிங் பள்ளியில் பயிற்சி முடித்தால் வேலை ஏறக்குறைய உறுதி. இப்போது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வைக்கும் பரீட்சை எழுத வேண்டும். 2015-ல் அப்படித் தேர்வானவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். போராடிப் போராடி அது 18,000 ஆனது. நிரந்தரப் பணிக்கான காத்திருப்பு மட்டும் குறையவில்லை.

“ராத்திரி டூட்டி பார்க்கிற பெண்ணை யார் கட்டுவா?” என்று அன்று தாய்மார்கள் தயங்கினார்கள். இன்று மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும் அம்மாக்கள் விசாரிப்பது வேறு: ஜி.என்.எம். போதுமா, பி.எஸ்சி. நர்சிங்கே படிக்கவைக்கணுமா, எதைப் படித்தால் துபாயில் எடுப்பார்கள், லண்டனில் எடுப்பார்கள்?