ஆழ்சுரங்கக் கேபிளில் தங்கும் மின்னூட்டமும் கால மாறிலியும்

சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் ஆக்கப்பட்ட மின்சாரம் 1902ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலை வந்தடைந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீண்ட அம்மின்பாதை அந்நாளில் உலகின் மிக நீண்டவற்றுள் ஒன்று. நந்திதுர்க், சாம்பியன் ரீப், மைசூர் முதலிய சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. எனினும் ஆழ்சுரங்கங்கள் கற்பிக்கும் மின்னியல் பாடம் ஒன்று இன்றும் பயன் தருவதாகும். விசையை நிறுத்தியவுடன் மின்சாரம் முற்றிலும் அகன்றுவிடும் என்று கருதுதல் தவறு என்பதே அப்பாடம்.

ஷாப்ட் எனப்படும் செங்குத்துக் குழியின் வழியே பம்புகளுக்கும் காற்றாடிகளுக்கும் மின்சாரம் கொண்டு செல்லும் கேபிளில், செம்புக் கம்பி ஒருபுறமும் உலோக உறை மறுபுறமும் அமைந்துள்ளன. இடையே காப்புப் பொருள் இருக்கின்றது. எனவே கேபிள் முழுவதும் ஒரு நீண்ட மின்தேக்கி ஆகும். காப்புப் பொருளின் வழியே மிகச் சிறிதளவு மின்னோட்டம் கசிவதால், அம்மின்தேக்கிக்கு இணையாக ஒரு பெருந்தடையும் இருப்பதாகக் கொள்ளலாம்.

மின்தேக்கியின் திறனைச் சுற்றின் சமானத் தடையால் பெருக்கிவரும் காலமே கால மாறிலி எனப்படும். தடையை மெகோமிலும் திறனை மைக்ரோபாரடிலும் குறித்தால் விடை வினாடியில் கிடைக்கும். மின்னிறக்கத்தின்போது, ஒரு கால மாறிலி கழிந்தபின் மின்னழுத்தத்தில் நூற்றுக்கு 37 பங்கு எஞ்சும். ஐந்து கழிந்தபின் எஞ்சுவது ஒரு பங்கிற்கும் குறைவு.

சமானத் தடையைக் காணும் முறை எளிது. மின்தேக்கியைச் சுற்றிலிருந்து நீக்கிவிட்டதாகக் கொண்டு, அதன் இரு முனைகளுக்கிடையே எவ்வளவு தடை தோன்றுகிறது எனக் கணக்கிட வேண்டும். மின்னழுத்த மூலத்தை வெறுங்கம்பியாகக் கருதலாம். அதன் உட்தடையை மட்டும் விட்டுவிடலாகாது. ஸ்விட்சின் நிலை மாறும்போதெல்லாம் இக்கணக்கைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஆனால் மின்தேக்கியின் மின்னழுத்தம் அக்கணத்தில் தாவுவதில்லை. முன்நிலையின் இறுதி அழுத்தமே பின்நிலையின் தொடக்க அழுத்தமாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2 கிலோமீட்டர் நீளமுள்ள கேபிளின் திறன் 0.6 மைக்ரோபாரட், காப்புத் தடை 1,000 மெகோம் என்க. காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவி 5,000 வோல்ட் தருவதாகவும், அதன் உட்தடை 5 மெகோம் என்றும் கொள்வோம்.

முதல் நிலையில் மெக்கர் இணைக்கப்பட்டுள்ளது. 5 மெகோமும் 1,000 மெகோமும் இணையாக அமைவதால் சமானத் தடை 4.98 மெகோம்; கால மாறிலி சுமார் 3 வினாடி. கால் நிமிடத்திற்குள் கேபிள் ஏறக்குறைய முழு மின்னூட்டம் பெறுகின்றது.

இரண்டாம் நிலையில் மெக்கர் கழற்றப்படுகின்றது. எஞ்சுவது காப்புத் தடை மட்டுமே. கால மாறிலி 600 வினாடி, அதாவது 10 நிமிடம். பத்து நிமிடம் கழிந்த பின்னரும் கேபிளில் சுமார் 1,830 வோல்ட் இருக்கும். ஏறுவதற்குக் கால் நிமிடம் போதும். இறங்குவதற்கோ ஒரு மணி நேரம் அளவு வேண்டும்.

மூன்றாம் நிலையில் 1 மெகோம் தடையுள்ள மின்னிறக்குக் கோலால் கம்பி நிலத்துடன் இணைக்கப்படுகின்றது. சமானத் தடை ஏறத்தாழ 1 மெகோம். கால மாறிலி 0.6 வினாடி. மூன்று வினாடியில் மின்னழுத்தம் ஒரு பங்கிற்கும் கீழ் குறைகின்றது.

இங்குக் கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. ஈரம் புகுந்த பழைய கேபிளின் காப்புத் தடை 10 மெகோமாகக் குறைந்திருப்பின், கழற்றியபின் கால மாறிலி 6 வினாடியே. அதனைக் கையாண்டு பழகிய தொழிலாளர், புதிய கேபிளையும் அவ்வாறே எண்ணித் தொட நேரலாம். காப்பு எவ்வளவு சிறந்ததோ, அவ்வளவு நேரம் அபாயமும் நீடிக்கும். மேலும், காப்புப் பொருளுக்குள் ஊறிய மின்னூட்டம் மெதுவாக வெளிவரும். ஆகையால் சிறிது நேரம் மின்னிறக்கி நிலத்தொடர்பை எடுத்துவிட்டால் மின்னழுத்தம் மீண்டும் தலைதூக்கும்.

வகுப்பறையில் இதனை அபாயமின்றிக் காட்டலாம். 1,000 மைக்ரோபாரட் மின்தேக்கியை, அதன் முனைக் குறிகளைச் சரியாகப் பொருத்தி, 9 வோல்ட் மின்கலத்தால் நிரப்பி, மின்கலத்தை நீக்கியபின் 10,000 ஓம் தடை வழியே இறக்கினால், சுமார் 10 வினாடியில் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டாகக் குறையும். அதே அளவுள்ள மற்றொரு தடையை இணையாகச் சேர்த்தால் 5 வினாடி போதும். மின்தேக்கியின் உண்மைத் திறன் குறித்த அளவினின்று சிறிது வேறுபடுவதால் காலமும் சற்று மாறலாம்.

களப்பணியாளர் மனத்திற்கொள்ள வேண்டிய முறை இதுவே: மின்மூலத்தைத் துண்டித்துப் பூட்டுக, தக்க தடையுள்ள கோலால் மின்னிறக்குக, மின்னழுத்தம் இல்லையெனக் கருவியால் உறுதி செய்க, பின்னர்க் கம்பியை நேராக நிலத்துடன் இணைத்து, வேலை முடியும்வரை அவ்விணைப்பை அகற்றாதிருக்க.